அலிப்ராண்டி என்ற பெயர் யாருடையது?

ஜோசபின் அலிப்ராண்டிக்குப் பதினேழு வயது. அப்பாவின் குடும்பப் பெயர் ஆண்ட்ரெட்டி. ஆனால் அவர் அவளை வளர்க்கவில்லை, அதனால் அந்தப் பெயர் அவளுக்கு வரவில்லை. அம்மாவின் குடும்பப் பெயர் அலிப்ராண்டி, அதுதான் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. அது அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது? தாத்தா பிரான்செஸ்கோவிடமிருந்து. அந்தத் தாத்தா தன் அம்மாவைப் பெற்றவரே இல்லை என்பது கதையின் பெரும்பகுதி ஓடிய பிறகுதான் ஜோசிக்குத் தெரியவருகிறது. பெற்றவர் மார்கஸ் சாண்ட்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வம்சாவளி ஆஸ்திரேலியர். எந்தப் பெயரை வைத்து அவளை இத்தாலிக்காரி என்று ஒதுக்கினார்களோ, ரத்தக் கணக்குப் பார்த்தால் அந்தப் பெயருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை.

மெலினா மார்க்கெட்டாவின் ‘லுக்கிங் ஃபார் அலிப்ராண்டி’ 1992இல் வந்த ஆஸ்திரேலிய நாவல். முடிச்சை முதல் பத்தியிலேயே அவிழ்த்துவிட்டேன் என்று கோபப்பட வேண்டாம். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தவிர, முடிச்சைத் தெரிந்துகொண்டு படிக்கும்போதுதான் இந்த நாவல் இன்னும் நன்றாகப் பிடிபடுகிறது. முதல் வாசிப்பில் எனக்கு இது ஒரு பள்ளிக்கூடக் கதை. இரண்டாவது வாசிப்பில் பாட்டியின் கதை.

பல பண்பாடுகள் கலந்த குடும்பத்தில் வளரும் பெண்ணின் கதை என்றுதான் இதை வழக்கமாக அறிமுகப்படுத்துவார்கள். வீட்டில் இத்தாலி, வெளியில் ஆஸ்திரேலியா, நடுவில் திண்டாடும் ஒரு பெண். தவறு என்று சொல்ல முடியாது. ஜோசியே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் நாவல் அவளை அந்த நினைப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவருகிறது. கலப்பு வீட்டு வாசலுக்கு வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதுவும் பல பண்பாட்டுச் சமூகம் என்ற பேச்சை அரசாங்கம் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே. பாட்டி அதை மூடி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

கதையின் ஓட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடம் சிட்னி, காலம் 1990களின் தொடக்கம். ஜோசி அம்மா கிறிஸ்டினாவுடன் கிளீப் பகுதியில் வசிக்கிறாள். படிப்பது உதவித்தொகையில், பணக்காரப் பெண்கள் படிக்கும் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில். எச்.எஸ்.சி. எழுத வேண்டிய வருஷம், நம் பிளஸ் டூ மாதிரி. வக்கீலாக வேண்டும் என்பது ஆசை. கிறிஸ்டினா பள்ளி வயதிலேயே கர்ப்பமாகி, தகப்பன் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள். பிள்ளைக்குக் காரணமான பக்கத்து வீட்டுப் பையன் மைக்கேல் ஆண்ட்ரெட்டி குடும்பத்தோடு அடிலெய்டுக்குப் போய்விட்டான். பதினேழு வருஷம் கழித்து, பாரிஸ்டராகச் சிட்னிக்குத் திரும்பி வருகிறான். தனக்கு இப்படி ஒரு மகள் இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது.

ஜோசிக்கு இரண்டு பக்கமும் இடி. பள்ளியில் அவள் வந்தேறி வீட்டுப் பெண். இத்தாலியர் வட்டத்தில் கல்யாணமாகாமல் பெற்ற பிள்ளை. இந்த இரண்டாவதைப் பல விமரிசனங்கள் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போய்விடுகின்றன. எனக்கென்னவோ அதுதான் கனமானது என்று தோன்றுகிறது. ஆஸ்திரேலியர்கள் ஒதுக்கினால் போய் ஒண்டிக்கொள்ள ஒரு சொந்தச் சமூகம் இருக்கும் என்ற வசதிகூட அவளுக்குக் கிடையாது. அவளை யாரோடாவது தெருவில் பார்த்துவிட்டால் அடுத்த அரைமணியில் பாட்டிக்குத் தொலைபேசி வந்துவிடும். ‘ஊர் என்ன சொல்லும்’ என்ற நாலணா வாக்கியம் எந்த மொழியில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் வலிக்கிறது.

சரி, இத்தாலியர்கள் ஆஸ்திரேலியாவில் ஏன் வந்தேறிகளாகப் பார்க்கப்பட்டார்கள்? அவர்களும் வெள்ளைக்காரர்கள்தானே? தமிழில் படிக்கும் ஒருவருக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம். இதற்குப் பதில் தெரியாமல் பாட்டியின் பயம் புரியாது.

1901இல் ஆஸ்திரேலியக் காலனிகள் ஒரே நாடாகச் சேர்ந்தன. அந்த வருஷமே குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ என்று பேர் பெற்ற கொள்கையின் அடித்தளம் அதுதான். வேண்டாத ஆளை நிறுத்த அவர்கள் வைத்திருந்த ஆயுதம் ஒரு டிக்டேஷன் தேர்வு. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார்கள், வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரிதான் தீர்மானிப்பார். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறொரு மொழியில் வைத்தால் கதை முடிந்தது. 1958இல்தான் இந்தத் தேர்வை எடுத்தார்கள்.

இத்தாலியர்கள் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர்கள், ஜனங்களின் கண்ணில் அரைகுறை வெள்ளையர்கள். குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களில் முதலில் வேலை செய்தவர்கள் பசிபிக் தீவுக்காரர்கள். அவர்களை அனுப்பிவிட வேண்டும் என்ற பேச்சு வலுத்தபோது, 1891இல் ‘ஜம்னா’ என்ற கப்பலில் 300க்கும் மேற்பட்ட வட இத்தாலியர்களைக் கரும்பு வெட்டக் கொண்டுவந்து இறக்கினார்கள். நம் யமுனையின் பெயரைத் தாங்கிய கப்பல் என்பது தற்செயல்தான், ஆனாலும் கண்ணில் படாமல் போகாது. பின்னால் தெற்கிலிருந்தும் சிசிலியிலிருந்தும் ஆட்கள் வந்து, வெட்டுக் கூலியாக இருந்தவர்கள் சொந்தமாக நிலம் வாங்கத் தொடங்கியதும் உள்ளூரில் புகைச்சல் கிளம்பியது. 1925இல் ஃபெர்ரி என்பவர் தலைமையில் குயின்ஸ்லாந்து அரசு ஒரு விசாரணை ஆணையம் வைத்தது. வட இத்தாலியர் பரவாயில்லை, சிசிலிக்காரர்கள் மட்டம் என்று அதன் அறிக்கை தரம் பிரித்தது. வெள்ளைத் தோலுக்குள்ளும் படிக்கட்டு வைத்த சங்கதி நமக்கு ஒன்றும் அதிசயமாக இருக்காது.

அலிப்ராண்டி குடும்பம் சிசிலிக் குடும்பம். பாட்டி காட்டியா குயின்ஸ்லாந்துக்குத்தான் வந்து சேர்கிறாள்.

அப்புறம் போர் வந்தது. 1940இல் முசோலினி பிரிட்டனுக்கு எதிராக இறங்கியதும், ஆஸ்திரேலியாவிலிருந்த இத்தாலியர்கள் ஒரே இரவில் எதிரி நாட்டவர் ஆனார்கள். 4,000க்கும் மேற்பட்டவர்களை முகாம்களில் அடைத்தார்கள். இவர்களில் பலர் குயின்ஸ்லாந்துக்காரர்கள். ஆண்கள் முகாமில் இருக்க, மொழி தெரியாத பெண்கள் தோட்டத்தையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தனிமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாட்டியின் கதைக்கு இது வேண்டும்.

போர் முடிந்ததும் காற்று திசை மாறியது. ஜப்பான்காரன் வாசல்வரை வந்துவிட்டுப் போன பயத்தில், ஆளில்லாத நாட்டை ஆளால் நிரப்ப வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1945இல் ஆர்தர் கால்வெல் முதல் குடியேற்ற அமைச்சரானார். பிரிட்டனிலிருந்து போதிய ஆட்கள் கிடைக்கவில்லை. 1951இல் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1947 கணக்கெடுப்பில் இத்தாலியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர்கள் சுமார் 33,000. 1971இல் அந்த எண்ணிக்கை 2,89,000ஐ எட்டியது. வந்தவர்களுக்கு ‘புது ஆஸ்திரேலியர்’ என்று ஒரு பெயரும் வைத்தார்கள். கரைந்துபோ, சத்தமில்லாமல் எங்களைப் போல ஆகிவிடு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

கரையச் சொன்ன நாடு 1973இல்தான் கரைய வேண்டாம் என்றது. பிரதமர் விட்லமின் அரசில் குடியேற்ற அமைச்சராக இருந்த அல் கிராஸ்பி பல பண்பாட்டுச் சமூகம் என்ற பேச்சை அந்த வருஷம் எடுத்தார். வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கையின் மிச்சம்மீதியும் அப்போது போனது. 1975இல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், 1980இல் பல மொழிகளில் ஒளிபரப்ப எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி. ஜோசி இந்தக் காலத்தின் பிள்ளை. அவள் பிறக்கும்போது நாடு பேச்சை மாற்றிவிட்டது. பள்ளி மைதானத்துக்கு அந்தச் செய்தி முழுசாகப் போய்ச் சேரவில்லை.

மைதானத்துக்கு வருவோம். ‘வாக்’ என்றொரு சொல். தென் ஐரோப்பாவிலிருந்து வந்த இத்தாலியர், கிரேக்கர், பிறகு லெபனான்காரர் எல்லோரையும் ஒரே சாட்டையால் அடிக்கும் ஆஸ்திரேலிய வசவு. 1980களின் கடைசியில் அந்தச் சொல்லுக்கு ஒரு திருப்பம் வந்தது. புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் சிலர் 1987இல் அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து நகைச்சுவை நாடகம் போட்டார்கள், அரங்கு நிறைந்தது. எங்களுக்குள் நாங்கள் சொல்லிக்கொண்டால் வேடிக்கை, நீ சொன்னால் அடி விழும் என்ற நிலைமை உருவானது. மார்க்கெட்டாவின் நாவல் இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் நிற்கிறது. ஜோசி தன்னையும் தோழிகளையும் அந்தச் சொல்லால் கிண்டலடிப்பாள். ஆனால் கார்லி என்ற மாணவி சீண்டும்போது கையிலிருந்த புத்தகத்தை வீசி அவள் மூக்கை உடைத்துவிடுகிறாள். கார்லியின் தகப்பன் தொலைக்காட்சிப் பிரமுகர். வழக்குப் போடுவேன் என்று குதிக்கிறார். தலைமையாசிரியை அறையில் மாட்டிக்கொண்ட ஜோசி, என் அப்பா பாரிஸ்டர் என்று சொல்லி மைக்கேலுக்குப் போன் போடுகிறாள். முந்தியெல்லாம் என்னிடம் நெருங்காதே என்று அவனிடம் சொல்லிவைத்தவள் அவள்தான். அவனும் வருகிறான்.

இந்த இடம் எனக்குப் பிடிக்கும். தகப்பன் மகள் உறவு கட்டிப்பிடித்து அழுவதில் தொடங்கவில்லை. மூக்குடைந்த வழக்கில் ஆஜராகும் வக்கீலாகத்தான் அவன் முதலில் தகப்பனாகிறான்.

நாவலில் பாட்டியை ‘நொன்னா’ என்பார்கள், பாட்டி என்பதற்கு இத்தாலியச் சொல். பள்ளிவிட்டு வந்ததும் ஜோசியை வைத்துக்கொண்டு நொன்னா பழங்கதை பேசுவாள், பழைய படங்களைக் காட்டுவாள். பாவாடை நீளம், தலைமுடி, நண்பர்கள் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பாள். மகளை நன்றாக வளர்க்கத் தெரியவில்லை என்று கிறிஸ்டினாவைக் கரித்துக்கொட்டுவாள். ஜோசிக்கு ஆரம்பத்தில் இந்தக் கதைகளைக் கேட்பதே தண்டனை. பிறகு, சலிப்போடு கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பிக்கிறாள்.

கதைகளில் என்ன இருக்கிறது? சின்ன வயதில் கல்யாணம், கப்பல், ஒரு வார்த்தை புரியாத ஊர், குயின்ஸ்லாந்து வெயில், வேலை வேலை என்று போய்விடும் கணவன், பேச ஆளில்லாத வீடு. அங்கே அன்பாகப் பேசிய ஓர் ஆஸ்திரேலியர் மார்கஸ். இந்தப் பெயர் வரும்போதெல்லாம் பாட்டியின் குரல் கொஞ்சம் மாறுவதை ஜோசி கவனிக்கிறாள், வாசகரும் கவனிக்கிறார். மார்க்கெட்டா அந்தப் பெயரை அவசரப்படாமல், ஒரு தடவைக்கு ஒரு சிட்டிகையாகத் தூவிக்கொண்டே வருகிறார். ஒரு நாள் பாட்டி பேச்சுவாக்கில் சொன்ன காலக் கணக்கும் அம்மா பிறந்த கணக்கும் ஒத்துவரவில்லை. தாத்தா ஊரிலேயே இல்லாத சமயம் அது. வக்கீலாக ஆசைப்படும் பெண்ணுக்கு இந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

ஜோசிக்கு வருவது கோபம்தான், அதிர்ச்சிகூட இல்லை. தன் அம்மா கர்ப்பமானபோது குடும்ப மானம் போச்சு என்று கதவைச் சாத்திய வீடு இது. அத்தனை வருஷமும் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவைத்த பாட்டியே அதே காரியத்தை, அதுவும் கல்யாணமான பிறகு, அதுவும் ஓர் ஆஸ்திரேலியரோடு செய்திருக்கிறாள்! நேராகப் போய்ச் சண்டை பிடிக்கிறாள். நொன்னா எல்லாவற்றையும் சொல்கிறாள். பிரான்செஸ்கோவோடு வாழ்ந்த வாழ்க்கையில் தான் ஒரு தோட்டத்து மாடு மாதிரி இருந்ததையும், தன்னை ஒரு மனுஷியாகப் பார்த்தவர் மார்கஸ் மட்டும்தான் என்பதையும் சொல்கிறாள். பிறகு ஏன் அவரோடு போகவில்லை? எப்படிப் போவது. 1950களில், சிசிலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்ன வட்டத்தில், கணவனை விட்டுவிட்டு வேற்றாளோடு போன பெண்ணுக்கு இரண்டு உலகிலும் இடம் இருந்திருக்காது.

இங்கே மேலே சொன்ன சரித்திரமெல்லாம் ஒன்றாக வந்து சேர்கிறது. நாடு கரைந்துபோ என்றது, வீடு கரையாதே என்றது. காட்டியா இரண்டுக்கும் கட்டுப்பட்ட மாதிரி நடித்துக்கொண்டு, தன் வயிற்றில் அந்தக் கலப்பைச் சுமந்திருக்கிறாள். கிறிஸ்டினா பாதி ஆங்கிலேய ரத்தம், ஜோசி நாலில் ஒரு பங்கு. கார்லியின் வாயிலிருந்து அந்த வசவு வந்தபோது, திட்டுகிறவளின் இனமும் திட்டு வாங்கியவளுக்குள் இருந்தது. நாவல் இதைச் சுட்டிக்காட்டி ஒரு வரிகூட எழுதவில்லை. நாம்தான் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்டினா மேல் பிரான்செஸ்கோ காட்டிய கடுமை, ஒரு பழமைவாதத் தகப்பனின் கண்டிப்பு என்றுதான் அதுவரை நாம் எண்ணியிருப்போம். அவள் தன் மகள் இல்லை என்று அவருக்குத் தெரியும் என்ற தகவல் வந்ததும் அந்த வீட்டின் பழைய காட்சிகள் எல்லாமே வேறு நிறத்துக்கு மாறிவிடுகின்றன. பண்பாடு என்று நாம் நினைத்தது பாதி பண்பாடு, பாதி ஒரு மனிதனின் காயம். புலம்பெயர் குடும்பக் கதைகளில் தாத்தா முரடராக இருந்தால் ‘அவங்க ஊர் வழக்கம் அப்படி’ என்று முடித்துவிடுவது சுலபம். மார்க்கெட்டா அப்படி முடிக்கவில்லை.

இந்தக் கனத்துக்கு எதிர்ப்பக்கத் தட்டில் நாவல் வைப்பது தக்காளியை.

ஆஸ்திரேலிய இத்தாலியர் வீடுகளில் தக்காளி நாள் ஒரு பெரிய விஷயம். அங்கே கோடை நமக்கு மார்கழி, தை, மாசி. ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில் தக்காளி கனிந்து விலை இறங்கும்போது பெட்டி பெட்டியாக வாங்கி, வருஷத்துக்கு வேண்டிய சாஸை ஒரே நாளில் போட்டு முடிப்பார்கள். சித்தப்பா, பெரியம்மா, ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி, கட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று அத்தனை பேரும் பின்கட்டில் கூடுவார்கள். ஒரு கூட்டம் கழுவும், ஒரு கூட்டம் அழுகலை வெட்டி எறியும். கைப்பிடி வைத்த யந்திரத்தில் பழத்தைப் போட்டுச் சுற்றினால் ஒரு பக்கம் சாறு, ஒரு பக்கம் தோலும் விதையும். தோலை மறுபடி ஒரு தரம் உள்ளே தள்ளிச் சுற்றுவார்கள், வீணாக்க மனசு வராது. பழைய பீர் பாட்டில்களில் ஒவ்வோர் இலை பேசில் போட்டுச் சாறை ஊற்றி மூடி அடிப்பார்கள். பேசில் நம் துளசிக்கு நெருங்கிய உறவு, வாசம் வேறு. பிறகு பெரிய எண்ணெய் டிரம்மில் பாட்டில்களை அடுக்கி, ஒன்றோடொன்று முட்டி உடையாமல் நடுவில் கந்தல் துணியும் சாக்கும் திணித்து, தண்ணீர் ஊற்றி அடியில் விறகு வைத்துக் கொதிக்கவிடுவார்கள். தீயைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஒரு கிழவர் இருப்பார்.

ஜோசிக்கு இது அவமானம். இதெல்லாம் வெளியில் யாருக்காவது தெரிந்தால் உயிரை விட்டுவிடலாம் போல அவளுக்கு. மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருக்கும்போது வகுப்புத் தோழர்கள் வந்துவிட்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்ற யாருக்கும் இது புரியும். ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள், அவமானம் என்று சொல்லிக்கொண்டே எவ்வளவு நுணுக்கமாக விவரிக்கிறாள்! பிடிக்காத விஷயத்தை யாரும் இத்தனை ஆசையாகப் பார்ப்பதில்லை. நாவலில் தக்காளி நாள் கதையின் பிற்பகுதியில் வருகிறது. அதற்குள் பாட்டியோடு ஒரு மாதிரி சமரசம் ஆகிவிட்டிருக்கிறது, மைக்கேலும் இந்தக் கூட்டத்துக்குள் வந்துவிட்டிருக்கிறான்.

காதல் பகுதியை நான் கொஞ்சம் வேகமாகத்தான் கடந்தேன். ஜேக்கப் கூட் அரசுப் பள்ளி மாணவர் தலைவன், அம்மா இல்லாதவன், நல்ல பையன். வீட்டுக்கு வந்து என் அம்மாவைப் பார் என்று ஜோசி சொல்லும்போது அந்த வார்த்தையின் எடை அவனுக்குப் பிடிபடவில்லை. சுதந்திரம் அவனுக்குப் பிறவியிலேயே வந்தது, அவளுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் பேரம் பேசி வாங்க வேண்டியது. இந்த உரசல் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. கடைசியில் அவர்கள் பிரிகிறார்கள், மார்க்கெட்டா அதைச் சேர்த்துவைக்க முயலவில்லை என்பது நல்லது.

ஜான் பார்ட்டன்தான் மறக்க முடியாதவன். பெரிய அரசியல்வாதியின் மகன், பழைய ஆங்கிலேயக் குடும்பம், படிப்பு, பணம், அழகு, கனிவு எல்லாம் உண்டு. ஜோசி ஏங்கும் இடத்திலேயே பிறந்தவன். எந்த வசவும் அவன்மேல் விழாது. அந்த இடம் அவனுக்கு மூச்சு முட்டுகிறது என்பதை அவன் பலமுறை சொல்கிறான், அவளுக்குக் காதில் விழவில்லை. இவனுக்கு என்ன குறை என்ற நினைப்பு அவள் காதை அடைத்துவிட்டிருக்கிறது. தேர்வுக்கு முன்பே அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஜோசியின் துக்கத்துக்குள் ஒரு குழப்பமும் இருக்கிறது: இந்த நாட்டின் சொந்தப் பிள்ளையாக இருப்பதே விடுதலை என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை அவனோடு போகிறது. பதின்பருவத்தினர் படிக்கும் நூலில் தற்கொலையை எழுதுவது கத்திமேல் நடப்பது. வீரமாகவும் காட்டக் கூடாது, பாடம் நடத்தவும் கூடாது. இங்கே மிஞ்சுவது கேட்கத் தவறிய தோழியின் தவிப்பு மட்டும்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. இந்த நாவல் வந்த அதே 1992இல், ஜூன் மாதம்தான் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ தீர்ப்பை வழங்கியது. வெள்ளையர் வரும்போது இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பழைய கட்டுக்கதையை அது உடைத்தது. அதே வருஷம் டிசம்பரில் பிரதமர் பால் கீட்டிங், ஜோசியின் கிளீப்பிலிருந்து அதிகத் தூரமில்லாத ரெட்ஃபெர்னில் நின்றுகொண்டு, முதல் குடிகளின் நிலத்தைப் பறித்தவர்கள் நாம்தான் என்று ஒப்புக்கொண்டார். இந்தப் பல பண்பாட்டு நாவலில் முதல் குடிகள் முன்னுக்கு வருவதே இல்லை. யார் ‘உண்மையான’ ஆஸ்திரேலியர் என்ற சண்டை ஆங்கிலேயருக்கும் இத்தாலியருக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்துக் குருட்டுப்புள்ளி என்று விட்டுவிடலாம், ஆனால் இன்று படிக்கும் இளையவர் கேட்கத்தான் செய்வார்.

இதை எழுதியவரின் கதையும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. மார்க்கெட்டா 1965இல் பிறந்தவர், இத்தாலிய வம்சாவளி. தன் படிப்பில் நம்பிக்கையில்லாமல் 15 வயதில் பள்ளியை விட்டு, வங்கியிலும் பயண ஏஜென்சியிலும் வேலை பார்த்தவர். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகே இந்தப் பிரதியைப் பெங்குவின் எடுத்துக்கொண்டது. முதல் பதிப்பு இரண்டு மாதத்தில் தீர்ந்தது. 1993இல் ஆஸ்திரேலியச் சிறார் நூல் மன்றத்தின் மூத்த வாசகர்களுக்கான விருது வந்தது. பிறகு அவர் படித்து ஆசிரியராகி, சிட்னியில் ஒரு பையன்கள் பள்ளியில் பல வருஷம் பாடம் நடத்தினார். படிப்பு வராது என்று போனவரின் நாவல் பள்ளிப் பாடமாக ஆனது.

‘யங் அடல்ட்’ என்ற வகைக்குத் தமிழில் இன்னும் பெயர் நிலைக்கவில்லை. சிறார் இலக்கியம் பன்னிரண்டு வயதோடு கையைக் கழுவிவிடுகிறது, அடுத்த நாளே ஜானகிராமனைப் படி என்கிறோம். நடுவில் உள்ள அந்த ஆறேழு வருஷத்துக்கு எழுதுவது தனி வித்தை. கதாநாயகி தன்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டே பேச வேண்டும், வாசகருக்கு அது கொஞ்சம் முன்னாலேயே தெரிய வேண்டும், ஆனாலும் அவள்மேல் எரிச்சல் வரக் கூடாது. ஜோசி வாயாடி, சுயநலக்காரி, பொய்யும் சொல்வாள். நமக்கு வரும் எரிச்சல் அவள் அம்மாவுக்கு வரும் எரிச்சல் மாதிரி, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது.

2000இல் கேட் வுட்ஸ் இயக்கத்தில் படம் வந்தது. திரைக்கதை மார்க்கெட்டாவே எழுதினார். பியா மிராண்டா ஜோசியாக, கிரெட்டா ஸ்காக்கி அம்மாவாக, ஆண்டனி லபாக்லியா அப்பாவாக. அந்த வருஷத்து ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவன விருதுகளில் சிறந்த படம் உட்பட ஐந்து விருதுகள் அதற்குக் கிடைத்தன. 2022இல் மெல்போர்னின் மால்ட்ஹவுஸ், சிட்னியின் பெல்வார் என்ற இரண்டு நாடக நிறுவனங்கள் இதை மேடையேற்றின, நாடகமாக்கியவர் வித்யா ராஜன். அந்தப் பெயரில் என் கண் ஒரு கணம் நின்றது. சிசிலிப் பாட்டியின் கதையை அடுத்த தலைமுறையில் மேடைக்கு எழுதுகிறவரின் பெயர் இப்படி இருப்பது, அந்த நாட்டில் முப்பது வருஷத்தில் நடந்த மாற்றத்தைச் சொல்லிவிடுகிறது. 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களே அங்கே சுமார் 95,000 பேர். ஜோசி எழுதிய அதே எச்.எஸ்.சி.யில் இன்று தமிழையும் ஒரு பாடமாக எடுத்து எழுதலாம்.

கடைசிப் பக்கங்களில் ஜோசி தன் பெயர்களை அவளே எண்ணிப் பார்க்கிறாள். ஆண்ட்ரெட்டியாக இருந்திருக்கலாம், சாண்ட்ஃபோர்டாக இருந்திருக்க வேண்டும், கூட் ஆகாமலே போகலாம். இதெல்லாம் தெரிந்த பிறகும் தனக்குள் ஓடுவது இத்தாலிய ரத்தம் என்றுதான் பெருமையாகச் சொல்கிறாள். நாலில் ஒரு பங்கை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பங்கைப் பாட்டியின் கணக்கிலேயே எழுதிவைத்துவிட்டாள் என்றுதான் படித்துக்கொள்கிறேன்.

படம் தக்காளி நாளில் தொடங்கித் தக்காளி நாளிலேயே முடிகிறது. தொடக்கத்தில் அந்த முற்றத்திலிருந்து தப்பித்து ஓடப் பார்த்தவள் முடிவில் அதே முற்றத்தில் ஆடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி. நிஜத்தில் அந்த டிரம்மை அன்றைக்கே திறக்க மாட்டார்கள். தீயை அணைத்துவிட்டு, தண்ணீர் தானாக ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க விட்டுவைப்பார்கள். சூட்டோடு வெளியே எடுத்தால் பாட்டில் வெடிக்கும். மறுநாள் காலையில்தான் ஈரச் சாக்கை விலக்கி, ஒவ்வொன்றாகத் தூக்கி, எது தேறியது எது விரிசல் விட்டது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.